கல்லூரி ஸ்டேடியத்தின் பெயர் உரிமையை விற்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க ஃபுட்பால் ஸ்டேடியத்தின் பெயர் உரிமையை விற்கும், அதாவது பணம் தரும் நிறுவனத்தின் பெயரை ஸ்டேடியத்துக்கு வைக்கும் கோப்பு எங்கள் பிரிவுக்கு வந்தபோது, எதை முதலில் செய்வது, யாரைக் கேட்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. வழக்கறிஞர்களுக்குச் சட்டம் தெரியும், விளையாட்டுத் துறைக்கு ஸ்பான்சர்களைத் தெரியும், நிதிப் பிரிவுக்குக் கடன்பத்திரம் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் யாரும் கிடையாது. அந்த வேலை கடைசியில் கோப்பை வைத்திருப்பவர் தலையில்தான் விழும்.

நம்மவர்கள் பலர் இங்கே பல்கலைக்கழகங்களின் நிதி, கொள்முதல், ஒப்பந்தப் பிரிவுகளில் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கும் இந்தக் கோப்பு வரலாம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல் வீரர்கள் பணம் கேட்டுப் போட்டது ஹவுஸ் வழக்கு. 2025 ஜூன் 6 அன்று அதன் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2025-26 ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். அந்தப் பணத்துக்கு எங்கே போவது? எல்லோர் கண்ணும் ஸ்டேடியத்தின் நெற்றியில் இருக்கும் பெயர் மேல்தான்.

1. விற்க உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது?

வாங்குபவரைத் தேடும் முன் இதைச் செய்யுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எடுத்துவைக்க வேண்டிய காகிதங்கள்:

- ஸ்டேடியத்துக்கு இப்போதைய பெயரை வைத்த டிரஸ்டீ போர்டு (பல்கலைக்கழக நிர்வாகக் குழு) தீர்மானம்
- பழைய நன்கொடை ஒப்பந்தங்கள். ஸ்டேடியத்துக்கு மட்டும் அல்ல. களம், நுழைவாயில், பிரஸ் பாக்ஸ், லாக்கர் ரூம், ஸ்கோர்போர்டு எல்லாவற்றுக்கும்
- நிலப் பத்திரமும் அதில் உள்ள நிபந்தனைகளும்
- கட்டுமானத்துக்கு வாங்கிய கடன்பத்திர ஆவணங்கள்
- மல்டிமீடியா உரிமை ஒப்பந்தம்
- குளிர்பானம், சீருடை, வங்கி, டிக்கெட் விற்பனை ஆகியவற்றில் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் இடம் தரும் தனியுரிமை ஒப்பந்தங்கள்

நன்கொடைக் காகிதங்களில் ‘என்றென்றைக்கும்’ என்ற பொருளில் ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடுங்கள். சிரக்யூஸ் பல்கலைக்கழகக் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். கேரியர் நிறுவனம் 27.5 லட்சம் டாலர் கொடுத்தது. 1980இல் திறந்த அரங்கத்துக்குக் கேரியர் டோம் என்று பெயர் வந்தது. முடிவுத் தேதி இல்லாத ஏற்பாடு அது. புதிய ஸ்பான்சரைக் கொண்டுவர நினைத்தபோது இரு தரப்புக்கும் இடையே சட்டத் தகராறு எழுந்தது. 2022இல்தான் அது ஜேஎம்ஏ வயர்லெஸ் டோம் ஆனது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு விளம்பரப் பலகையை அந்த விலைக்குக் கொடுத்ததாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கண்ணி மல்டிமீடியா ஒப்பந்தம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விளம்பரம், வானொலி, ஸ்பான்சர்ஷிப் எல்லாவற்றையும் லியர்ஃபீல்டு, பிளேஃப்ளை, ஜேஎம்ஐ ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கும். பெயர் உரிமை அந்தக் குத்தகைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அது உள்ளே இருந்தது. 2017இல் காமன்வெல்த் ஸ்டேடியத்தை க்ரோகர் ஃபீல்டு ஆக்கியது ஜேஎம்ஐ வழியாகத்தான். உங்கள் ஒப்பந்தத்தில் இது தெளிவில்லை என்றால் இப்போதே அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்குபவர் வந்த பிறகு கேட்டால் பதிலின் விலை ஏறிவிடும்.

கடன்பத்திர விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வரிவிலக்குள்ள பத்திரம் விற்றுக் கட்டிய மாநிலப் பல்கலைக்கழக ஸ்டேடியம் என்றால், தனியார் தொழில் பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டி, கடனை அடைப்பதிலும் தனியார் பணம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வரிவிலக்கே ஆட்டம் காணும். தனியார் லாபநோக்கற்ற பல்கலைக்கழகத்துக்கு வரம்பு 5 சதவீதம். பெயர் உரிமைப் பணம் இந்தக் கணக்கில் வருமா என்பதைக் கடன்பத்திர வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில். மின்னஞ்சலில் ‘பரவாயில்லை, பண்ணுங்கள்’ என்று வந்தால் அதைக் கருத்துரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. ஸ்டேடியமா, களமா, ரெண்டும் வேண்டாமா?

ஸ்டேடியத்தின் பெயரையே விற்றால்தான் பணம் என்று நினைக்க வேண்டாம். மூன்று வழிகள் உண்டு.

முழுப் பெயரையும் கொடுத்துவிட்டு, மரியாதைக்குரியவரின் பெயரைக் களத்துக்கு வைப்பது ஒன்று. கொலராடோ ஸ்டேட்டில் ஸ்டேடியம் கேன்வஸ் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) பெயரில், களம் பழைய பயிற்சியாளர் சன்னி லூபிக் பெயரில். பாய்சி ஸ்டேட்டில் ஸ்டேடியம் ஆல்பர்ட்சன்ஸ், களம் லைல் ஸ்மித்.

இதைத் திருப்பிப் போட்டால் இரண்டாவது வழி. வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஹஸ்கி ஸ்டேடியம் என்ற பெயரைத் தொடவில்லை. 2015இல் களத்தை மட்டும் அலாஸ்கா ஏர்லைன்ஸுக்கு 10 ஆண்டுக்கு 4.1 கோடி டாலருக்கு விற்றது. இந்தியானாவில் 2024இல் இதே முறைதான்: மெமோரியல் ஸ்டேடியத்தில் மெர்ச்சண்ட்ஸ் பேங்க் ஃபீல்டு, 20 ஆண்டு, 5 கோடி.

மூன்றாவது டென்னசி வழி. 2024இல் பைலட் நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். நேலண்ட் ஸ்டேடியம் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றாமல் காப்பாற்றுகிறோம் என்பதையே ஸ்பான்சர் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. பெயர் மேல் ரசிகர்களுக்கு வெறி இருக்கும் இடங்களில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் கருத்து.

பெயரில் ‘மெமோரியல்’ இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். போரில் இறந்தவர்களுக்கான நினைவிடமாக இருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் 2018இல் யுனைடெட் ஏர்லைன்ஸோடு 6.9 கோடி டாலர், 16 ஆண்டு என்று அறிவித்தார்கள். ‘யுனைடெட் ஏர்லைன்ஸ் மெமோரியல் கொலிசியம்’ என்பதுதான் திட்டம். முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 2019இல் ‘யுனைடெட் ஏர்லைன்ஸ் ஃபீல்டு அட் த லாஸ் ஏஞ்சலஸ் மெமோரியல் கொலிசியம்’ என்று முடிந்தது. இவ்வளவு நீளப் பெயரை மூச்சு விடாமல் சொல்லும் வர்ணனையாளர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு சலாம். படைவீரர் சங்கங்களோடு பேச்சு அறிவிப்புக்கு முன்பே நடக்க வேண்டும்.

3. விலை: தலைப்புத் தொகையை நம்பாதீர்கள்

பத்திரிகையில் வரும் தொகையும் உங்கள் கணக்கில் விழும் தொகையும் வேறு வேறு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 10 ஆண்டு, மொத்தம் 1 கோடி டாலர் என்று வையுங்கள்.

விற்றுக்கொடுத்தவருக்குக் கமிஷன் 15 சதவீதம் என்றால் 15 லட்சம் போயிற்று. ஸ்பான்சருக்கு இலவசமாகக் கொடுக்கும் சூட் (ஆட்டம் பார்க்கும் தனி அறை), டிக்கெட், பார்க்கிங் ஆகியவற்றை வெளியே விற்றிருந்தால் ஆண்டுக்கு 60,000 வந்திருக்கும். பத்தாண்டில் 6 லட்சம். புதுப் பெயர்ப்பலகைகள் உங்கள் செலவு என்று எழுதியிருந்தால் 5 லட்சம். வழக்கறிஞர்களுக்கு 1 லட்சம். முடிவில் பலகைகளை இறக்க 1 லட்சம். மிச்சம் 72 லட்சம்.

இன்னும் முடியவில்லை. அந்த ஸ்பான்சர் ஏற்கெனவே ஆண்டுக்கு 1.5 லட்சம் டாலர் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்து, அதைப் புது ஒப்பந்தத்துக்குள் அடக்கிவிட்டால், அந்த 15 லட்சம் புதுப் பணமே அல்ல. ஆக, உண்மையில் கூடுதலாக வந்தது 57 லட்சம். போர்டுக்குப் போகும் குறிப்பில் இந்த 57ஐ எழுதுங்கள். தலைப்பில் 1 கோடி என்று போட்டுக்கொள்ள மேலே இருப்பவர்களுக்கு ஆசை இருக்கும். போடட்டும், ஆனால் அட்டவணை கூடவே இருக்கட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஒப்பந்தங்கள் தேவை. பெரிய பிரபலத்தை எடுக்காமல் உங்கள் அளவுள்ளவர்களைப் பாருங்கள். ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் வேலி சில்ட்ரன்ஸ் மருத்துவமனை 10 ஆண்டுக்கு 1 கோடி. பாய்சி ஸ்டேட்டில் 15 ஆண்டுக்கு 1.25 கோடி, சான் டியேகோ ஸ்டேட்டின் புது ஸ்டேடியத்துக்கு ஸ்னாப்டிராகன் பெயரில் குவால்காம் 15 ஆண்டுக்கு 4.5 கோடி. மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்களைப் பொதுப் பதிவுச் சட்டத்தின் (அரசு ஆவணங்களை யாரும் கேட்டுப் பெற வழிசெய்யும் சட்டம்) கீழ் கேட்டு வாங்கலாம். நிறையப் பேர் கேட்பதில்லை. கேளுங்கள், முழு ஒப்பந்தமும் படிக்கக் கிடைப்பது எந்த ஆலோசகரின் அறிக்கையையும்விட மேல்.

4. யார் விற்பது, எப்போது தொடங்குவது

நீங்களே விற்கலாம், ஏஜென்சி வைக்கலாம், மல்டிமீடியா நிறுவனத்திடமே விடலாம். ஏஜென்சி என்றால் கொள்முதல் விதிப்படி டெண்டர் விட வேண்டியிருக்கும்; அதற்கே சில மாதங்கள் போகும். கமிஷன் எப்போது என்பதில் கவனம்: பணம் வர வர, அதில் சதவீதம் என்று எழுதுங்கள். கையெழுத்தான அன்றே பத்தாண்டுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஸ்பான்சர் திவாலானால் கமிஷனைத் திருப்பி வாங்க முடியாது.

யார் வாங்குவார்கள் என்றால், இப்போது வரிசையில் முன்னால் நிற்பவை கிரெடிட் யூனியன்கள். லூயிவில், அரிசோனா ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், மேரிலாண்டு என்று பட்டியல் நீளும். மாணவன் முதல் வங்கிக் கணக்கைத் திறக்கும் வயதில் அவன் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உள்ளூர் மருத்துவமனைகளும் மளிகைச் சங்கிலிகளும் அடுத்து. உங்கள் வளாகத்தில் ஏடிஎம் வைத்திருக்கும் வங்கிக்குத் தனியுரிமை இருந்தால் கிரெடிட் யூனியன் கதவு மூடிவிட்டது. முதல் படியில் காகிதங்களைத் தேடச் சொன்னது இதற்குத்தான்.

காலம்: செப்டம்பர் முதல் வாரத்தில் முதல் ஆட்டம் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பலகை தயாரித்து மாட்ட நாலைந்து மாதம். போர்டு கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் என்றால் ஒன்றைத் தவறவிட்டால் சீசன் போச்சு. ஒப்பந்த வரைவு இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் போய் வர இரண்டு மூன்று மாதம். மொத்தம் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆகஸ்டுக்குள் முடித்துவிடலாம்’ என்று மே மாதத்தில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த ஆண்டு நாட்காட்டியை எடுங்கள்.

5. ஒப்பந்தத்தில் முடிவைப் பற்றிய பக்கங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். எல்லோரும் தொகையையும் ஆண்டுகளையும் பேசி முடித்துக் கைகுலுக்கிவிடுவார்கள். கம்பெனி பெயர் மாறினால், விற்கப்பட்டால், நாறினால், திவாலானால் என்ன என்பதைப் பேச யாருக்கும் விருப்பம் இருக்காது. நாலும் நடந்திருக்கின்றன.

பெயர் மாற்றம்: மினசோட்டாவில் டிசிஎஃப் பேங்க் 25 ஆண்டுக்கு 3.5 கோடி டாலருக்கு எடுத்தது. 2009இல் ஸ்டேடியம் திறந்தது. 2021இல் டிசிஎஃப் ஹண்டிங்டனோடு இணைந்ததும் பெயரும் மாறியது. மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பிரைட் ஹவுஸ், ஸ்பெக்ட்ரம், பவுன்ஸ் ஹவுஸ், எஃப்பிசி மார்ட்கேஜ், அக்ரிஷர் பவுன்ஸ் ஹவுஸ் என்று 2007க்குப் பிறகு ஐந்து பெயர். நீங்கள் எழுத வேண்டியது: ‘பெயர் மாற்றம் ஒப்பந்த காலத்தில் ஒருமுறைக்கு மேல் கூடாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல்கலைக்கழகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை, மாற்றும் செலவு முழுவதும் ஸ்பான்சருடையது, சீசன் நடுவில் மாற்றம் இல்லை.’ கடைசி வாக்கியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாற்றம்: லூயிவில் ஸ்டேடியம் பாப்பா ஜான்ஸ் பீட்சா நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதன் நிறுவனர் இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தியது 2018 ஜூலையில் வெளிவந்ததும் பல்கலைக்கழகம் பெயரை நீக்கியது. 2023இல் எல் அண்ட் என் ஃபெடரல் கிரெடிட் யூனியன் வரும்வரை வெறும் கார்டினல் ஸ்டேடியம். அதனால் ஒப்பந்தத்தின் ஒழுங்குப் பிரிவில் (கெட்ட பெயர் வந்தால் விலகிக்கொள்ளும் உரிமை) நிறுவனம் என்று மட்டும் எழுதினால் போதாது. நிறுவனர், உயர் அதிகாரிகள், பெரும்பங்கு வைத்திருப்பவர்கள் எல்லோரையும் சேருங்கள். யார் தீர்மானிப்பது என்பதும் முக்கியம். ‘பல்கலைக்கழகத்தின் நியாயமான கருத்தில்’ என்று வர வேண்டும். ‘நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால்’ என்று அவர்கள் கேட்பார்கள். தீர்ப்பு வர வருடக்கணக்காகும். அதுவரை பலகை உங்கள் தலைக்கு மேலேயே இருக்கும். அவர்களும் இதே பிரிவை உங்கள் மேல் கேட்பார்கள். பயிற்சியாளர் ஊழல், என்சிஏஏ தண்டனை எல்லாம் அதில் வரும். பரஸ்பரம் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

திவால்: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி அணி 2021இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தோடு களத்தின் பெயருக்கு 10 ஆண்டு, 1.75 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது, அதுவும் கிரிப்டோவில் கட்டணம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் கவிழ்ந்தது. அதற்கு முன் அதே களத்தில் இருந்த கபாம் என்ற கேம் நிறுவனத்தின் 15 ஆண்டு ஒப்பந்தமும் பாதியில் முடிந்ததுதான். ஆண்டுக் கட்டணத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே, ஜூலை 1க்குள், டாலரில், முன்பணமாக வாங்குங்கள். துணை நிறுவனம் கையெழுத்திட்டால் தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் வேண்டும். கட்டணம் தவறி 30 நாளில் வராவிட்டால் பெயரை மூடி மறைக்கும் உரிமை உங்களுக்கு.

இன்னும் இரண்டு. ஆட்டங்கள் ரத்தானால் என்ன? 2020 சீசனில் பல ஸ்டேடியங்கள் ஆளில்லாமல் கிடந்தன. ஒரு சீசனில் உள்ளூர் ஆட்டங்களே ஏழு போல. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் திருப்பித் தருவதைத் தவிர்த்து, காலத்தை நீட்டித்தோ விளம்பரத்தால் ஈடுகட்டியோ தருகிறோம் என்று எழுதுங்கள். அப்புறம், டிவி வர்ணனையாளர் உங்கள் ஊழியர் அல்ல. ‘எங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவற்றில் பெயரைப் பயன்படுத்துவோம், மற்றவர்களைக் கேட்டுக்கொள்வோம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்கூட வாக்குக் கொடுக்காதீர்கள்.

களத்தில் வரையும் லோகோ தனி விற்பனைப் பொருள். 2024 முதல் என்சிஏஏ சாதாரண சீசன் ஆட்டங்களிலும் விளம்பர லோகோவை அனுமதிக்கிறது: ஐம்பது கஜக் கோட்டில் ஒன்று, வேறு இடங்களில் சிறியதாக இரண்டு. பெயர் வாங்கியவருக்கு இதில் எது என்று குறிப்பிடாவிட்டால் மூன்றையும் கேட்பார்.

6. வரி

சுருக்கமாக. மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் கல்விப் பணியோடு தொடர்பில்லாத தொழில் வருமானத்துக்கு 21 சதவீத வரி உண்டு. தகுதியுள்ள ஸ்பான்சர் கட்டணம் என்ற விலக்குக்குள் நின்றால் வராது. பெயர், லோகோ, முகவரி, தொலைபேசி எண் வரை சரி. ‘ஊரிலேயே குறைந்த வட்டி’, ‘இன்றே கணக்கு தொடங்குங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அது விளம்பரம். அந்தப் பங்குக்கு வரி. கூட்டத்தின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும் என்று எழுதினால் அந்த மாறும் பகுதி விலக்கில் வராது. ‘ஒரே ஸ்பான்சர்’ என்பது பரவாயில்லை, ‘வளாகத்தில் இவர்கள் மட்டுமே விற்கலாம்’ என்பது வேறு கணக்கு. ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எதற்கு என்று பிரித்து எழுதிவிட்டால் பின்னால் இந்த வரிக்கான 990-டி படிவம் போடுபவர் உங்களை வாழ்த்துவார்.

7. போர்டும் அறிவிப்பும்

ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் 2013 பிப்ரவரியில் தன் ஸ்டேடியத்துக்கு ஜியோ குரூப்பின் பெயரை அறிவித்தது. 60 லட்சம் டாலர். தனியார் சிறைகளை நடத்தும் நிறுவனம் அது. மாணவர்கள் போராடினார்கள், ஏப்ரலில் நிறுவனமே விலகிக்கொண்டது. போர்டுக்குப் போகும் முன் மாணவர் பேரவை, ஆசிரியர் பேரவை, பழைய மாணவர் சங்கம், பெயருக்குரியவரின் குடும்பம் ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசிவிடுங்கள். விவரத்தை வெளியே சொல்வதில்லை என்று ஸ்பான்சரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறோமே என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். யார் யாரிடம் பேசலாம் என்று அந்த ரகசிய ஒப்பந்தத்திலேயே விலக்கு எழுதிக்கொள்ளுங்கள். போர்டு கூட்ட நிரல் பொதுவில் வெளியாகும் நாள்தான் உண்மையான அறிவிப்பு நாள். மாணவர் பத்திரிகை அதை உங்களுக்கு முன்னால் படித்துவிடும்.

8. பலகைகள்

லோகோவின் நிறத்தை முதலிலேயே பாருங்கள். எங்கள் ஸ்பான்சரின் லோகோ பக்கத்து ஊர் எதிரி அணியின் நிறத்தில் இருந்தது. எங்கள் வாசலில் அந்த நிறமா என்று விளையாட்டுத் துறை கொதித்தது. எங்கள் பிராண்ட் அது என்று அவர்கள் நின்றார்கள். செங்கல் சுவரில் வெள்ளை எழுத்து மட்டும் என்று முடிவதற்குள் வாரக்கணக்கில் மின்னஞ்சல் ஓடியது. வரைபடத்தை நிறத்தோடு ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்துவிட்டால் இந்தச் சண்டை கையெழுத்துக்கு முன்பே தீரும்.

பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று நடந்து பார்த்துப் பட்டியல் எடுங்கள். டிக்கெட் மாதிரி, பார்க்கிங் பாஸ், வளாக வரைபடம், லிஃப்ட்டுக்குள் உள்ள தகடு, கழிவறைத் திசைக்குறி, கூரையில் விமானத்துக்குத் தெரியும் எழுத்து, ஆபத்தில் கூட்டத்தை வெளியேற்றும் திட்டம், 911 அவசர உதவி மையத்தின் முகவரிப் பட்டியல். 911 மையத்துக்கு முதலில் எழுதுங்கள். அழைப்பவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் வண்டி வர வேண்டும். நெடுஞ்சாலைப் பலகை மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில் இருக்கிறது; அவர்கள் அனுமதியும் அவர்கள் வேகமும்தான். அந்தத் தேதிக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பழைய எழுத்துகளைக் கழற்றும் ஒப்பந்தக்காரர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலச் சொத்து என்றால் உபரிப் பொருள் பிரிவில் படிவம் போட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஏலம் விட்டால் ஓர் எழுத்தை வாங்கக்கூட ரசிகர்கள் வருவார்கள். அந்தப் பணம் விளையாட்டுத் துறைக்கா, பொதுக் கணக்குக்கா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.